சைவம் என்று கேட்காதீர்கள், விரதம் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோருக்கான யோசனைகள் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவக் காப்பீடு, குளிர்கால உடை, விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டுப் பெறுவது ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தவை எல்லாம் சரியானவையே. ஆனால் சைவ உணவு உண்பவர்கள் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் முதலியவற்றைப் போதிய அளவு எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், வெளியில் சாப்பிட நேர்ந்தால் இந்திய உணவகத்தைத் தவிர வேறெங்கும் நுழைய வேண்டாம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நானும் என் மனைவியும் கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்கார்பரோ பகுதியிலுள்ள மகள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக இருந்து வருகிறோம். இருவரும் முட்டைகூடத் தொடாதவர்கள். பொடி டப்பாக்களை நம்பி முதல் எட்டு மாதங்களை ஓட்டிய அனுபவமும், பிறகு அவற்றை மூடி வைத்துவிட்டு வெளியே கிளம்பிய அனுபவமும் எங்களுக்கு உண்டு.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் கனடா வழங்கும் சூப்பர் விசாவில் 2022 முதல் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். ஒரு மாதம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குப் பொடி போதும். ஐந்து ஆண்டுகளுக்கான பொடியை எந்தப் பெட்டியில் அடைப்பது? மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்களாக உள்ள ஒரு நகரத்தில் வந்து இருந்துகொண்டு, அவர்கள் வீட்டுச் சாப்பாடு எதையும் வாயில் வைக்காமல் ஊர் திரும்புவது, கும்பகோணம் போய்விட்டுக் கோயிலுக்குள் நுழையாமல் வருவதைப் போன்றது.

கட்டுரையாளரின் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்த புதிதில், நகரின் மையப் பகுதியில் ஓர் உணவகத்தில், நாங்கள் வெஜிடேரியன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் காய்கறி சூப் கேட்டோம். கிண்ணத்தில் கேரட்டும் பீன்ஸும் மிதந்தன. பாதி குடித்த பிறகு ஏதோ சந்தேகம் தட்டி மகள் விசாரித்தபோது, கோழி எலும்பைக் கொதிக்க வைத்த சாற்றில்தான் அது செய்யப்பட்டது என்று பரிமாறிய பெண் சிரித்த முகத்தோடு சொன்னார். அவரிடம் வஞ்சகம் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிவது காய்கறி, ஆகவே அது காய்கறி சூப், அவ்வளவுதான் அவருடைய கணக்கு. என் மனைவி அன்று முழுவதும் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. மற்றோர் இடத்தில், இறைச்சி சாப்பிட மாட்டோம் என்று சொன்னதற்கு, மீன் சாப்பிடுவீர்கள்தானே என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் எட்டு மாதப் பொடி வாழ்க்கை.

அதை முடித்து வைத்தவர் என் மகளோடு வேலை செய்யும் எத்தியோப்பியப் பெண்மணி. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவர் இறைச்சி, பால், முட்டை எதுவும் உண்பதில்லை என்று மகள் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். விசாரித்தபோது, எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் ஈஸ்டருக்கு முன்னால் 55 நாட்கள் நோன்பு இருக்கிறார்கள் என்றும், அதோடு புதன், வெள்ளியையும் மற்ற நோன்புகளையும் சேர்த்தால் ஆண்டில் 180 நாட்களுக்கு மேல் விலங்கிலிருந்து வந்த எதையும் உண்ணாமல் இருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. ஏகாதசி, கிருத்திகை, புரட்டாசி சனி எல்லாவற்றையும் கூட்டினாலும் எங்கள் வீட்டுக் கணக்கு அதில் பாதிக்கு வராது.

அடுத்த வெள்ளிக்கிழமையே கிளம்பினோம். ஸ்கார்பரோவின் கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினால் ஆறாவது நிலையம் கிரீன்வுட். அங்கே இறங்கி டான்ஃபோர்த் சாலைக்கு நடந்தால் எத்தியோப்பிய உணவகங்கள் வரிசையாக வருகின்றன. 1974-ல் அந்நாட்டில் மன்னராட்சி கவிழ்ந்த பிறகு வந்த கொடுமையான ஆண்டுகளில் வெளியேறியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் வைத்த கடைகள் இவை. மகள் எழுதிக் கொடுத்திருந்தபடி, சைவம் என்று கேட்காமல், 'யெத்ஸோம்' என்று கேட்டேன். நோன்புக்குரியது என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்கு உள்ளேயிருந்து ஒரு மூதாட்டி எழுந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

வந்த தட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அகன்ற தட்டு முழுவதும் இன்ஜெரா என்னும் மெல்லிய அப்பம் விரிக்கப்பட்டிருந்தது. கசகசாவைப் போன்ற சிறு தானியமான டெஃப்பை அரைத்த மாவைச் சில நாட்கள் புளிக்க வைத்து, சூடான கல்லில் வெளியிலிருந்து உள்நோக்கிச் சுற்றி ஊற்றி, திருப்பிப் போடாமல் மூடி வைத்து வேகவிடுகிறார்கள். மேல்பக்கம் முழுவதும் நம் ஆப்பத்தில் விழுவதைப் போலவே சின்னச் சின்னத் துளைகள். அவற்றைக் கண்கள் என்கிறார்கள். அந்த விரிப்பின் மேல் காரம் போட்டுச் சிவந்த மைசூர்ப் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, கோஸும் கேரட்டும் உருளையும் சேர்த்து வதக்கியது, நடுவில் ஷிரோ என்னும் கொண்டைக்கடலை மாவுக் கூழ் என்று சிறு சிறு குவியல்கள். கரண்டி கிடையாது. வலக்கையால் இன்ஜெராவைக் கிள்ளிக் குவியலை அள்ளிச் சாப்பிட வேண்டியதுதான். என் மனைவி முதல் விள்ளலை மென்று பார்த்துவிட்டு, "மூணாம் நாள் தோசை மாவு" என்று தீர்ப்புச் சொன்னாள். அது குறையா பாராட்டா என்று எனக்கு உடனே புரியவில்லை, ஆனால் தட்டு காலியாகும்வரை அவள் வேறொன்றும் பேசவில்லை. அவர்களுடைய காரப்பொடியான பெர்பெரேயில் வெந்தயம் இருப்பதை மணத்திலேயே கண்டுபிடித்தவளும் அவள்தான்.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அந்த மூதாட்டி மறுபடியும் வந்து, ஒரு துண்டு இன்ஜெராவில் பருப்பைச் சுருட்டி என் மனைவியின் வாய்க்கு நேராக நீட்டினார். குர்ஷா என்பார்கள் இதை. விருந்தினருக்குத் தன் கையால் ஒரு வாய் ஊட்டுவது அவர்கள் மரியாதை. எச்சில், பத்து என்று உணவு ஆசாரம் பார்த்துப் பார்த்து வளர்ந்த என் மனைவி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

இதைத் தனி அனுபவமாக விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியில் பிடிபட்ட விஷயம்தான் இக்கடிதத்துக்குக் காரணம். ஒருவர் வெஜிடேரியன் என்று சொன்னால், பல சமையலறைகளில் அது வந்தவரின் சொந்த விருப்பமாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். விரதம் என்று அவர்களுடைய மொழியிலேயே சொன்னால், அது அவர்கள் தாங்களே கடைப்பிடிக்கிற, பாட்டி காலத்திலிருந்து வருகிற கட்டுப்பாடாகிவிடுகிறது. எந்தக் கரண்டி எந்தப் பாத்திரத்தில் போகக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மக்களிடமும் விரதச் சாப்பாட்டுக்கு என்ன சொல் என்று தேட ஆரம்பித்தோம்.

ஸ்பாடினா சாலையிலுள்ள சீனப்பகுதியில் அந்தச் சொல் 'ஜாய்'. கான்டனீஸ் மொழியில் பௌத்தர்களின் மரக்கறி உணவுக்கு அதுவே பெயர். அமாவாசையை ஒட்டிய முதல் நாளும், பௌர்ணமியை ஒட்டிய பதினைந்தாம் நாளும் புலால் தவிர்க்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, நாட்காட்டியை அவர்கள் எங்களிடமிருந்து வாங்கினார்களா, நாங்கள் அவர்களிடமிருந்து வாங்கினோமா என்று என் மனைவி கேட்டாள். லோ ஹான் ஜாய் என்பது காளான், தோஃபு, கண்ணாடிச் சேமியா, முட்டைக்கோஸ் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டு. புத்தரின் சீடர்களான 18 அருகர்களுக்கு ஆளுக்கு ஒன்றாக 18 பொருள்கள் சேர்ப்பது முறை என்கிறார்கள், நான் எண்ணியவரை பன்னிரண்டுதான் தேறியது. கண்டிப்பான பௌத்தச் சமையலில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த என் தமக்கை இவ்விரண்டையும் விலக்கியவர். அவரை எங்கே அழைத்துப் போவது என்று தவித்த மகளுக்கு விடையாக அமைந்தது ஓர் இந்திய உணவகமன்று, இந்தச் சீன உணவகமே. அங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. கோதுமை மாவின் பசையைக் கொண்டு வாத்து, மீன் ஆகியவற்றின் உருவத்தையும் தோலின் சுருக்கத்தையும்கூட அப்படியே செய்து வைக்கிறார்கள். அது மாவுதான் என்று நூறு தடவை சொன்னாலும் தமக்கையார் அந்தத் தட்டின் பக்கம் திரும்பவில்லை.

1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளிலிருந்து ஏறத்தாழ 60,000 அகதிகளைக் கனடா ஏற்றுக்கொண்டது. வியட்நாமியர் கடையில் கேட்க வேண்டிய சொல் 'சாய்'. அது தேநீரல்ல, விரத உணவு. அதைச் சேர்க்காமல் வெறுமனே காய்கறி நூடுல்ஸ் என்று கேட்டால் மாட்டெலும்புச் சாற்றில் காய்கறி போட்டு வரக்கூடும், மீன் சாஸும் உள்ளே இருக்கக்கூடும்.

ஸ்கார்பரோவிலேயே லாரன்ஸ் கிழக்குச் சாலையின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் சிரியா, லெபனான் நாட்டினரின் கடைகள் நிறைய உண்டு. அங்கே இரண்டு சொற்கள் பயன்படும். கிறிஸ்தவ நோன்பு உணவுக்கு 'சியாமி' என்பார்கள். அதைவிட எளிது 'பி ஸெய்த்', அதாவது எண்ணெயில் செய்தது. அவர்கள் பீன்ஸையும் திராட்சை இலைப் பொதியையும் கறி சேர்த்து ஒரு விதமாகவும், ஆலிவ் எண்ணெயில் கறியில்லாமல் இன்னொரு விதமாகவும் செய்கிறார்கள், பெயரின் வால்தான் வேறுபாட்டைச் சொல்கிறது. நாம் வாழையிலையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு இலையை எறிகிறோம். அவர்கள் திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி இலையோடு சாப்பிட்டுவிடுகிறார்கள். பருப்பும் அரிசியும் சேர்த்து மேலே வெங்காயத்தைக் கருக வறுத்துப் போடும் முஜத்தரா, நம் பருப்பு சாதத்துக்குச் சித்தப்பா மகன்.

கிரேக்கர்களிடம் 'நிஸ்திசிமோ' என்று கேட்கலாம், கிரீன்வுட்டைத் தாண்டி வரும் பேப், செஸ்டர் நிலையங்களை ஒட்டி அவர்கள் கடைகள் இருக்கின்றன. ஆனால் கிரேக்க நோன்பில் கணவாயும் இறாலும் விலக்கல்ல என்பதால் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரிக்க வேண்டும். யூதர்களின் பால் உணவகங்கள் வேறு வகை. பாலையும் இறைச்சியையும் சேர்க்கக் கூடாது என்ற விதியினால் அங்கே இறைச்சியே சமைப்பதில்லை. 1912-ல் தொடங்கி, நெடுநாள் ஸ்பாடினாவில் இருந்து, பிறகு வடக்கே இடம்பெயர்ந்த யுனைடெட் பேக்கர்ஸ் டெய்ரி இன்றும் அப்படித்தான் நடக்கிறது. அவர்கள் மீனை இறைச்சியாகக் கருதுவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அந்த ஸ்பாடினா சாலை ஒரு காலத்தில் யூதர்களின் சாலை. நகர மன்றத்தின் புதிய கட்டடத்துக்காக, அது 1965-ல் திறக்கப்பட்டது, பழைய சீனக்குடியிருப்பின் பெரும்பகுதி இடிக்கப்பட்டபோது சீனர்கள் மேற்கே நகர்ந்து அங்கே வந்தார்கள். பால் உணவகம் இருந்த சாலையிலேயே ஜாய் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இந்திய உணவகத்தைத் தவிர வேறெங்கும் வேண்டாம் என்று கட்டுரையாளர் எழுதினாரே, அந்த இந்திய உணவகம் எங்கே முடிகிறது என்று அவரைக் கேட்க விரும்புகிறேன். டொராண்டோவில் ஹக்கா கடை என்றால் கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த சீனர்களின் கடை. 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு சீன வம்சாவளியினர் பலரை நம் அரசு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்து வைத்தது. அந்தக் காலத்திலிருந்து படிப்படியாக வெளியேறியவர்களில் பலர் இந்நகருக்கு வந்தார்கள். கல்லாவில் இருக்கும் பெரியவர் என்னோடு இந்தி பேசுகிறார், என் இந்தியைவிட அவருடையது நன்றாக இருக்கிறது. அவர் தரும் கோபி மஞ்சூரியன் இந்திய உணவா, சீன உணவா? 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம்மவரின் வழித்தோன்றல்கள் டிரினிடாடிலிருந்து கொண்டுவந்த டபுள்ஸ் எந்தக் கணக்கில் சேரும்? பாரா என்னும் இரண்டு மெல்லிய பொரித்த அப்பங்களுக்கு இடையில் கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே புளிச் சட்னி, வெள்ளரித் துருவல். பாரா என்பது வடைதான், பெயர் மட்டும் கடல் கடந்து தேய்ந்திருக்கிறது. காரம் கேட்கும்போது 'ஸ்லைட்' என்று சொல்ல வேண்டும். நம்மூர்க் காரம் பார்க்காததா என்று எண்ணி முழுக் காரம் கேட்ட நான் கடை வாசலிலேயே கண்ணீரோடு நின்றேன். டபுள்ஸ் சைவமா என்று அங்கே கேட்க வேண்டியதே இல்லை.

ஒரு சொல்லை யாருடைய பொருளில் எடுத்துக்கொள்வது என்பது இந்நகரில் ஒரு முறை அரசு விவகாரமாகவே ஆனது. ஜமைக்காக்காரர்கள் விற்கும் காரமான மாவுப் பொதிக்கு 'மாட்டிறைச்சி பாட்டி' (beef patty) என்று பெயர் வைக்கக் கூடாது, சட்டப்படி அந்தப் பெயர் மாவு உறை இல்லாத வெறும் இறைச்சி வட்டத்துக்கு மட்டுமே உரியது என்று 1985-ல் மத்திய அரசின் அதிகாரிகள் சொல்ல, கடைக்காரர்கள் பணிய மறுத்து, கடைசியில் ஜமைக்கன் பாட்டி என்ற பெயரில் உடன்பாடு ஏற்பட்டது. அதே ஜமைக்காவின் ரஸ்தஃபாரி சமயத்தார் இறைச்சி இல்லாமல் தேங்காய்ப் பாலில் சமைக்கும் 'ஐடல்' சாப்பாடும் இங்கே கிடைக்கிறது. உப்பைக் குறைத்தோ விட்டுவிட்டோ சமைப்பது அவர்கள் வழக்கமாதலால் இரத்த அழுத்தம் உள்ள எனக்கு மருத்துவர் பரிந்துரைத்ததைப் போலிருந்தது, நாக்குக்கு அப்படி இல்லை.

நம் தமிழ்க் கடைகளையும் விட்டுவிடக் கூடாது. 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களால் ஸ்கார்பரோ முழுவதும் இடியப்பமும் சொதியும் சம்பலும் எண்ணிக்கைக் கணக்கில் கிடைக்கின்றன. முதல் முறை போனபோது, "சைவமோ மச்சமோ?" என்று கேட்ட பெண்ணிடம் நான் விழித்தேன். உடம்பிலுள்ள மச்சத்தைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. மீனையும் அதன் வழியாகப் புலால் உணவு அனைத்தையும் குறிக்கும் சொல் அது. வெள்ளிக்கிழமையில் விரதம் பிடிப்பவர்கள் அவர்களிலும் ஏராளம். இத்தனை மொழிகளில் நான் தேடித் திரிந்த கேள்வியை, தமிழிலேயே, நான் வாய் திறப்பதற்கு முன்பே கேட்டவர் அவர் ஒருவர்தான்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். 2018 முதல் இந்நகரப் பேருந்திலும் ரயிலிலும் அட்டையைத் தட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் மறு கட்டணம் இல்லை. கிரீன்வுட்டில் சாப்பிட்டுவிட்டு அதே கட்டணத்தில் வீடு திரும்ப முடியும், என் மனைவி கைகழுவத் தாமதிக்காவிட்டால். எத்தியோப்பியத் தட்டு இருவருக்குத் தாராளமாகப் போதும், தனியாகப் போகிறவர் பாதியைப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம்.

ஆகவே தங்கள் இணைப்பில் இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, இந்திய உணவகங்களின் முகவரிகளுக்குப் பதிலாக இந்தச் சொற்களைக் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி இவற்றைத் தமிழெழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, பயண அட்டையோடு சேர்த்துக் கைப்பையில் வைத்திருக்கிறாள். மொழி, சொல், எதை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று மூன்று பத்திகள். கிரேக்கத்துக்கு நேரே "கணவாய்" என்றும், யூதருக்கு நேரே "மீன்" என்றும், ஹக்காவுக்கு நேரே "சிப்பி சாஸ்" என்றும் எழுதியிருக்கிறது. சேலத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்த தம்பதியர் சென்ற மாதம் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்கள். கொரிய மொழிக்கு நேரே மட்டும் இன்னும் எதுவும் எழுதவில்லை. கிறிஸ்டி நிலையத்தருகே இருக்கும் அவர்கள் கடைகளில் கிம்ச்சிக்குள் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்வது வழக்கம். கொரியாவின் பௌத்த மடாலயங்களில் வெங்காயம் பூண்டுகூட இல்லாமல் சமைக்கிறார்கள் என்று அறிந்திருக்கிறோம், அதைச் சமைத்துத் தரும் கடையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர், மயிலாடுதுறை
(தற்போது ஸ்கார்பரோ, கனடா)